பழைய ஜீப், புது ஓட்டம் – 6: முதல் பணம் அடிப்பக்கத்துக்கு

பழைய ஜீப் வாங்கியவர்கள் பலரும் முதல் செலவைப் பெயின்டரிடம் செய்கிறார்கள். அடுத்த செலவு டயர். வண்டி வாசலில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஓட்டிப் பார்த்தால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அறுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் உதறுகிறது. பணம் குறைவாக இருக்கிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். சேஸிஸ், பிரேக், ஸ்டீயரிங் மூன்றும் முடிந்த பிறகுதான் எஞ்சின். அதற்குப் பிறகு தகரம். பெயின்ட் கடைசி. ஒரு லட்சம் இருந்தால் அறுபதாயிரத்தைக் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள் என்பேன்.

குறைந்த பணத்தில் இதைச் செய்ய முடிவதற்குக் காரணம் இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்களைச் செய்தன. போர்முனையில், மழையில், கையில் இருக்கும் ஸ்பானர்களை வைத்துக்கொண்டே பிரித்துப் பூட்ட வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்த வண்டி அது. 1945-இல் லூதியானாவில் இரும்பு வியாபாரமாகத் தொடங்கிய மஹிந்திரா, 1947-இல் அந்த வில்லிஸை இங்கே பூட்டி விற்கும் தொழிலில் இறங்கியது. உயர்ந்த பானெட் கொண்ட சிஜே-3பி மாடலை அமெரிக்கா 1968-இல் நிறுத்திவிட்டது. இங்கே அதன் வாரிசுகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. இந்தத் தொடரில் நாம் பிரித்துக்கொண்டிருக்கும் எம்.எம்.540 அந்த வாரிசுகளில் ஒன்று. 1985-இல் வந்தது, பானெட்டுக்குள் 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சின். எஞ்சின் மாறியதே தவிர, கீழே இருப்பது பழைய உடம்புதான்: ஏணி போன்ற சேஸிஸ், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் கெட்டியான ஆக்ஸில். தலைமுறை மாறினாலும் பல சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால்தான் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் இன்றும் தேடினால் கிடைக்கிறது.

காஞ்சிபுரத்தில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. புதுப்பேட்டைக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் சாமானோடு திரும்பிவிடலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகள் வந்த பிறகு லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. மஹிந்திராவின் ஆய்வு மையம் மஹிந்திரா சிட்டியில் 2012-இல் திறந்தபோது அந்த இடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. புது வண்டிகளைச் சோதிக்கும் ஓடுதளமும் பக்கத்தில் செய்யாறில் இருக்கிறது. இவ்வளவு அருகில் புதியவை பிறந்துகொண்டிருக்க, பழையவற்றைக் காப்பாற்றுவது ஓரிக்கையிலும் வெள்ளைகேட்டிலும் தகரக் கூரை போட்ட பட்டறைகள். அந்தக் கைகளுக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

இனி சேஸிஸ். பாடியை இறக்கிய பிறகு சுத்தியலால் முனையிலிருந்து முனைவரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். பின்பக்க ஸ்பிரிங் கொக்கி பொருந்தும் இடத்துக்கு வந்ததும், “இங்க பாருங்க சார், சத்தம் செத்துப்போச்சு” என்றார் நம் வண்டியைப் பிரிக்கும் மெக்கானிக். சேறும் தண்ணீரும் தங்கி உள்ளிருந்தே அரிக்கிற இடம் அதுதான். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு பொரிந்து கிடக்கும்.

அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்கும்போது பெரும்பாலானோர் செங்குத்தாக ஒரே கோட்டில் வெட்டிப் பற்றவைத்துவிடுகிறார்கள். பாரம் ஏறியிறங்கும்போது முழு அழுத்தமும் அந்த ஒரு கோட்டில் விழும். வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் பிடிக்கும். மேலே வைக்கும் தகட்டின் இரு முனைகளையும் கூர்மையாகச் சாய்த்து வெட்டினால் அழுத்தம் பரவிப் போகும். ஒரே தகடு, ஒரே கூலி, வெட்டுகிற சாய்வு மட்டும்தான் வித்தியாசம். பற்றவைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் போகும். சேஸிஸ் எண் குத்திய பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. அந்த எண் போனால் வண்டியின் பிறப்புச் சான்றே போனது.

ஆர்.சி. புக் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பட்ஜெட் போடும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீளத்தைக் குறைப்பது, பாடியின் வடிவத்தை மாற்றுவது போன்ற ஆசைகள் வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ராணுவப் பச்சை அடிப்பதும் சட்டப்படி குற்றம். மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது.

முன் ஆக்ஸிலில்தான் பணத்தை விழுங்கும் கண்ணி ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் சமதளம். ஃபோர் வீல் கியரை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. டீசல் மிச்சம் என்று முன்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையே கழற்றி எங்கோ போட்டுவிட்ட வண்டிகளும் உண்டு. இடையில் யாராவது பின் ஆக்ஸிலை மாற்றியிருந்தால் தொலைந்தது. ஜீப் ஆக்ஸில்களில் 5.38, 4.88, 4.27 என்று பல விகிதங்கள் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்றிருந்தால் இரு சக்கர ஓட்டத்தில் எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்ட கணமே முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று, பலவீனமான இடத்தில் ஏதாவது ஒன்று உடையும்.

கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தேகால் சுற்றைத் தாண்டினால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88. முன்னும் பின்னும் ஒரே எண் வராமல் ஒரு சாமான்கூட வாங்காதீர்கள். பொருந்தியிருந்தாலும் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. இந்த வண்டியில் முன்பின் வேக வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்று மணலில் போட்டுப் பாருங்கள், சக்கரம் வழுக்க இடம் இருக்கிறது.

ஸ்டீயரிங் உதறலுக்கு டயர் பேலன்ஸ்தான் காரணம் என்று திரும்பத் திரும்பச் செலவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குற்றவாளி முன் சக்கரத்தைத் தாங்கும் கிங் பின் பேரிங். அது தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் எந்த டயரும் உதறும். பேரிங்கைப் புதிதாகப் போட்டு, ஷிம் வைத்து இறுக்கத்தைச் சரியாக்கினால் தீரும். முன் சக்கர ஹப்பில் இருக்கும் சீல் போனால் கிரீஸ் கசிந்து பிரேக் லைனிங்கில் இறங்கும். பிரேக் ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பழைய ஜீப்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை; ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். இரண்டு அறை கொண்டதை மாற்றிப் போடலாம். ஆனால் போர் அளவு வீல் சிலிண்டர்களுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பெடல் கல்லாகும் அல்லது தரைவரை போகும். வீல் சிலிண்டரின் உள்சுவரில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது வீண்.

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஆக்ஸில் ஹவுசிங், பல் நன்றாக இருக்கும் கியர், லிவர், பிராக்கெட் போன்ற கெட்டி இரும்பைப் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். தளர்ந்த ஸ்பிரிங் பட்டைகளைப் புதிதாக வாங்காமல் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். ரப்பர், பேரிங், சீல், கிராஸ், டை ராட் எண்ட், பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் மட்டும் பழசு கூடாது. ஒயரிங்கில் முழு செட் வாங்கப் பணம் இல்லையென்றால், நம் ஊர்த் தறியில் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் புணைப்பதுபோல, ஒரு ஒயரைக் கழற்றி அதே நிறத்தில் ஒரு ஒயரைப் பூட்டியபடியே போகலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் அறுத்துப் போட்டவர்கள்தான் எலக்ட்ரீசியனுக்கு இரட்டைக் கூலி கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் எஞ்சின். பிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்து வையுங்கள். வண்டி சூடேறியதும் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. லேசாக மட்டும் வந்து, காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் ஹீட்டர் பிளக்கையும் நாசிலையும் பாருங்கள். எஞ்சினைப் பிரிக்கும் செலவு உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

(தொடரும்)