கரிசல் புழுதியும் கணினிப் பெட்டியும்

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு எட்டயபுரம் பக்கத்து வீட்டுக் கணினி ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். துணி நூலும் தலைமுடியும் அதில் உண்டு; ஊருக்கு வெளியே பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகிற கரிசல் மண்ணும் உண்டு. காட்டில் கிடந்த மண் கணினிக்குள் எப்படி வந்தது, அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பெட்டியை எப்போது, எப்படித் துடைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தச் சீமையில் மேல்காற்றுக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு மேற்கே இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக உலர்ந்து, வேகமாக வருகிறது. கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். அதே மாதங்களில் மானாவாரி நிலங்கள் உழுது, மழைக்காகக் காத்து, வெறுமையாகக் கிடக்கும்.

களிமண் துகள் ஒன்றின் அளவு 2 மைக்ரோமீட்டருக்கும் கீழே. இவ்வளவு சிறிய துகளைக் காற்று நேரடியாகத் தூக்குவது கடினம். பக்கத்துத் துகள்களோடு அது ஒட்டிக்கொண்டிருக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள மணல்தான் முதலில் அசைகிறது. அது துள்ளித் துள்ளி விழும்போது, விழுந்த இடத்துக் களித்துகள்கள் தெறித்து எழுகின்றன. பாலைவனங்களில் திரிந்து இந்தத் துள்ளலை அளந்தவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி; அவருடைய நூல் 1941இல் வந்தது. எழுந்த நுண்துகள் எளிதில் தரைக்குத் திரும்பாது. அசையாத காற்றிலேயே அது ஓர் ஆள் உயரம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சன்னல் வழியாக வீட்டுக்குள் வர அந்த அவகாசம் போதும்.

மிச்ச வேலையைக் கணினியே செய்துவிடுகிறது. பெட்டியில் உள்ள 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மணிக்குச் சுமார் 80 கன மீட்டர் காற்றைத் தள்ளக்கூடியது. பத்தடிக்குப் பத்தடி அறையின் மொத்தக் காற்றைப்போல் இது மூன்று மடங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் தூசி இருப்பதாகக் கொள்வோம். 24 மணி நேரச் சராசரிக்கு இந்திய அரசு வைத்திருக்கும் வரம்பு அது. கணினி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால், ஆண்டில் ஏறக்குறைய 15 கிராம் தூசி அதன் வழியே போய்வரும். அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும்.

வேகமாகச் சுழலும் விசிறியின் இறக்கையில் தூசி எப்படி ஒட்டுகிறது? ஜெர்மானியர் லுட்விக் பிராண்டில் 1904இல் இதற்கு அடிப்படை சொன்னார்: திடப்பொருளை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காற்று அந்தப் பொருளோடு சேர்ந்தே நகர்கிறது. இறக்கை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், அதன் மேல் படிந்த நுண்துகளுக்குக் காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்பதாகவே இருக்கும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. பரப்பில் ஒட்டும் விசையோ பத்தில் ஒன்றாக மட்டுமே குறைகிறது. ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகுகிறது. வாயால் ஊதினால் நூலும் முடியும் பறக்கும், கரிசல் பறக்காது. அதற்குத் தூரிகை வேண்டும்.

வெயிலை மிஞ்சும் சூடு

கணினியின் செயலிச் சில்லு இரண்டு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான பரப்புடையது. சாதாரண வீட்டுக் கணினியில் அது 65 வாட் வரை வெப்பத்தை வெளியேற்றுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 30 வாட்டுக்கு மேல். சித்திரை நடுப்பகலில் கரிசல் தரையில் விழும் வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். உங்கள் மேசைக்கு அடியில், கத்திரி வெயிலைப் போல் முந்நூறு மடங்கு செறிவில் ஒரு சூடு வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்தச் சூட்டைச் செம்பும் அலுமினியமும் வாங்கி, மெல்லிய தகடுகளுக்குப் பரப்புகின்றன. தகடுகளின் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அங்கே முதலில் மாட்டுவது நூலும் முடியும். அவை குறுக்கே படிந்து வலையாகின்றன. பிறகு வரும் மண் அந்த வலையில் நிற்கிறது. செம்பைக் காட்டிலும் காற்று வெப்பத்தைச் சுமார் 15,000 மடங்கு குறைவாகக் கடத்தும். காற்றை அடைத்துவைத்திருக்கும் தூசிப் பாயும் ஏறக்குறைய அப்படியே. கத்திரி வெயிலில் கம்பளி போர்த்திய நிலைதான்.

சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். “கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, ரொம்ப ஸ்லோ” என்று புதிதாக வாங்கக் கிளம்புவோர் ஒரு முறை உள்ளே திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மின்தேக்கிகளுக்கும் கேடு உண்டு. அவற்றுள் இருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 1889இல் ஸ்வாந்தே அர்ரீனியஸ் வேதிவினைகளுக்குக் கண்ட விதியிலிருந்து வந்த கணக்கு இது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் மின்தேக்கி 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். 75 டிகிரியில் அது 16,000 ஆகிவிடும்.

ஒரு கிராமில் 17 சென்ட்

இது வரை சொன்னது எந்த ஊர்த் தூசிக்கும் பொருந்தும். கரிசலுக்கென்று தனிக் குணம் ஒன்று உண்டு. அதன் களியில் மான்ட்மொரில்லோனைட் வகைக் கனிமம் மிகுதி. ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் அந்த இடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை விலக்கும். தூய கனிமத்தில் ஒரு கிராமை எடுத்து எல்லா அடுக்கையும் விரித்தால் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர், அதாவது 17 சென்ட் நிலம். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு இங்கே மானாவாரி வேளாண்மை நடப்பதும், கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும், கோவில்பட்டியில் 1901 முதல் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை இந்த மண்ணின் பயிர்களை ஆராய்ந்து வருவதும் களியின் இந்த நீர்ப்பிடிப்பை ஒட்டியவையே.

பயிருக்கு வரமான அதே குணம் மின்சுற்றுப் பலகைக்குக் கேடு. தகடுகளின் பல இடங்களில் அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியம் அமர்ந்திருப்பதால் களியில் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதை ஈடுகட்டக் கால்சியம், சோடியம் அயனிகள் ஒட்டிக்கொள்கின்றன. உலர்ந்திருக்கும் வரை அவை அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் களி நீரை இழுக்கிறது. அயனிகள் நடமாடத் தொடங்குகின்றன. பலகையில் செம்புக் கோடுகளுக்கு இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இடைவெளி. ஈரப்படலம் வழியே மின்சாரம் கசியும்; செம்பு கரைந்து, எதிர்க் கோட்டில் கிளை கிளையாக வளர்ந்து, கடைசியில் இரண்டையும் இணைத்தும்விடலாம். வெயில் காலம் முழுக்க ஓடிய கணினி முதல் அடைமழையில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்த் குழியில் இந்த மண் நமக்குத் தோழன், அதுவும் ஈரம் இருக்கும் வரைதான். எர்த் கம்பியைச் சுற்றி இடும் பென்டோனைட்டில் முதன்மையான கனிமம் இதே மான்ட்மொரில்லோனைட். ஈரத்தில் உப்பிக் கம்பியை இறுகப் பிடித்து, கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு அனுப்பும். கோடையில் கரிசல் சுருங்கி வெடிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். பங்குனி முதல் மழை வரை எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

எப்போது, எப்படி?

கரிசல் சீமைக்கு ஏற்ற நாள் காலண்டரிலேயே இருக்கிறது. புழுதிக் காலம் முடியும் தறுவாயில், மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ ஆயுத பூசை வருகிறது. அரிவாளும் தறியும் லாரியும் துடைக்கப்படும் அந்த நாளில், கணினிக்கு வெளியே பொட்டு வைப்பதோடு நின்றுவிடாமல் உள்ளேயும் திறக்க வேண்டும். விபூதியும் சந்தனமும் காற்றுத் துளைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். சாம்பிராணிப் புகை காட்டும்போது கணினி நின்றிருக்கட்டும். பிசினின் புகை விசிறியில் படிந்து தூசிக்குப் பசையாகும்.

மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, இயக்குப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் பொறியாக உணரப்படுவதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில்லுகள் கெட அதற்குக் கீழேயே போதும். ஈரத்துணி உள்ளே கூடாது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி, கை ஊதியால் வெளியே தள்ளுங்கள். அப்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது மிதமிஞ்சிச் சுழன்றால் தாங்கி தேயும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம்: அழுத்தம் அதிகம், கூடவே தண்ணீரும் எண்ணெயும் வரும். மூக்கில் துணி கட்டி, முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. அதனுள் உள்ள மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும். சுத்தம் செய்த பிறகும் சூடு குறையாவிட்டால், செயலிக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை மெல்லிசாக இடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நினைவகப் பட்டையின் தங்கப் பூச்சை அழிரப்பரால் அழுத்தித் தேய்க்கிற வழக்கம் நம்மூரில் உண்டு. அந்தப் பூச்சு ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. அடிக்கடி தேய்த்தால் தங்கம் போய்விடும்.

வேலை தொடங்கும் முன்பே படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். செயலியும் மின்வழங்கியும் போனால் கடையில் வாங்கலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.