பழுப்பேறும் வேட்டியும் போர்வெல் தண்ணீரும்

பொங்கலுக்கு எடுத்த வேட்டி ஆடி மாதத்துக்குள் பழுப்பேறிவிடுகிறது, எந்தச் சோப்பு போட்டாலும் வெளுக்கவில்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் போர்வெல் தண்ணீரில் துவைப்பவர்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சோப்பை மாற்றிப் பயனில்லை. முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

கடின நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். இவை சோப்போடு சேர்ந்தால் கரையாத திப்பியாகி, அழுக்கையும் பிடித்துக்கொண்டு நூலிழையில் படிகின்றன. நுரை வரவில்லையே என்று மேலும் சோப்பு தேய்த்தால் திப்பிதான் கூடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. பாசன நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் அந்த அறிக்கையிலேயே கால்சியம், மக்னீசியம் அளவுகள் இருக்கும். அறிக்கை இல்லாவிட்டால் இரண்டு பாட்டில்களில் மழைநீரையும் போர் தண்ணீரையும் பாதியளவு ஊற்றி, ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். நுரை எழாமல் கலங்கித் திரிந்தால் அது கடின நீர்.

மருந்து பழையதுதான். வண்ணார் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணில் இருந்த சோடாதான் இன்று சலவை சோடாவாகக் கடையில் கிடைக்கிறது. ஒரு வாளி வெந்நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடாவை நன்றாகக் கரைத்து, சற்று நேரம் விட்டு, அதன்பின் சோப்புத்தூள் போட்டு, பருத்தித் துணியை இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். காலையில் கசக்கி, இரண்டு முறை அலசியபின், ஒரு வாளிக்கு இரண்டு எலுமிச்சம்பழச் சாறு அல்லது அரை டம்ளர் வினிகர் கலந்த நீரில் அரைமணி வைத்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் உலர்த்தலாம். பல நாள் படிந்த பழுப்பு ஒரே தடவையில் போகாது; மூன்று நான்கு சலவை ஆகும். பட்டு, கம்பளிக்குச் சோடா ஆகாது.

சோடாவையும் எலுமிச்சையையும் ஒன்றாகக் கலந்து, பொங்குகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஒன்றை ஒன்று முறித்துவிடும், பொங்கியதுதான் மிச்சம்.

தண்ணீர் இறைத்தபோது தெளிவாக இருந்து, வாளியில் நின்றதும் செம்பழுப்பாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. அதை இரவு முழுதும் திறந்து வைத்து, தெளிந்ததை மெல்லிய துணியில் வடிகட்டித் துவைக்கலாம். விழுந்த துருக்கறையில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசினால் மங்கும். இங்கே பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம்: பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எதுவும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும்; மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

நீலம் அழுக்கை எடுப்பதில்லை, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கிறது. நன்றாக அலசிய துணிக்கு மட்டும் சில சொட்டு போதும். வாழைக்கறை காய்ந்துவிட்டால் எதற்கும் எளிதில் மசியாது. தோட்டத்துக்குத் தனி வேட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

மருந்து அடித்துவிட்டு வந்த துணியை மட்டும் வீட்டுத் துணியோடு ஊறப்போடக் கூடாது, எவ்வளவு வெள்ளையாகத் தெரிந்தாலும் சரி. அன்றே, தனி வாளியில், கையுறை போட்டு, முதலில் வெறும் நீரில் அலசி, பிறகு சோப்புத்தூளும் வெந்நீரும் கொண்டு துவைக்க வேண்டும். கலக்காத மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைத்து மீண்டும் உடுத்தக் கூடாது. அலசிய நீர் வாய்க்காலிலோ மாட்டுத் தொட்டியிலோ சேரக் கூடாது.

கொல்லைப்புற வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் துவைத்த நீரை விடும் வீடுகள் ஏராளம். சலவை சோடாவில் உள்ள சோடியம் ஒரே இடத்தில் சேரச் சேர மண் இறுகி, களர் நிலம்போல ஆகிவிடும். ஊறவைத்த நீரை உறிஞ்சுகுழிக்கு விட்டு, கடைசி அலசல் நீரை மட்டும் மரங்களுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம்.