பார்வை மானும் பார்வையாளரும்

வேட்டையைப் பற்றி நம் முன்னோர் வழங்கிய சொற்களுள் ஒன்று 'பார்வை' என்பது. காட்டிலுள்ள மானைப் பிடிக்க, பழக்கப்பட்ட மான் ஒன்றைக் கட்டி வைப்பார்கள். அதனைக் கண்டு இனமென நம்பி நெருங்கி வரும் மான் வலையிற் சிக்கும். அவ்வாறு கட்டி வைக்கப்படும் விலங்கிற்குப் 'பார்வை' என்று பெயர். பறவை பிடிப்போரும் பார்வைப் பறவையை வைத்துப் பிடிப்பதுண்டு. நம்பத்தக்க தோற்றத்தைக் காட்டி, நம்பியவரை அகப்படுத்துவதே அதன் பயன்.

இன்று மரக்காணத்து உப்பளத் தெருக்களில் விளக்கேற்றும் நேரமானால், பகலெல்லாம் உப்பு வாரிய கைகள் ஓய்ந்து, குடும்பம் முழுவதும் தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்கிறது. ஒருவர் தன்னந்தனியாகக் கானகத்தில் நடக்கிறார்; பசியால் வாடுகிறார்; பாம்பையோ தவளையையோ பிடித்து உண்கிறார். குழந்தைகள் கண் இமையாது பார்க்கின்றனர். வேட்டையையும் வீரத்தையும் காட்டும் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி இரண்டு வினாக்களை நாம் எழுப்பியாக வேண்டும். காட்டப்படுவது உண்மையா? உண்மையே ஆயினும், செய்யப்படுவது முறையா?

மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் கேட்ட வினா நினைவிற்கு வருகிறது. "சாமி, அவருக்கு மட்டும் தாகம் எடுக்குதே, படம் பிடிக்கிறவருக்குத் தாகம் எடுக்காதா?" தாய் வேலை செய்யும் பாத்திக்கு நாள்தோறும் குடத்தில் தண்ணீர் சுமந்து செல்லும் சிறுவன் அவன். தனிமை என்று காட்டப்படும் இடத்தில் படப்பிடிப்புக் குழு ஒன்று நிற்கிறது என்பதை அவன் ஒரே வினாவில் வெளிப்படுத்திவிட்டான்.

வேட்டை எல்லாம் தீதன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். உயிர் வாழ வேண்டி மீன் பிடிப்பவரையும், பயிரை அழிக்கும் எலியைப் பிடிப்பவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. விலங்குகளை உணவிற்கும் உடைக்கும் மனிதன் பயன்படுத்தலாம் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்பிற்கே ஒவ்வாதவை என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. 'தேவை' என்ற அச்சொல்லே இங்கு உரைகல்.

தேவைக்காக விலங்கைப் பிடிக்கும் திறமைக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில், இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்கள், ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு அதனை அமைத்தனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, பின்னர் உயிருடன் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்து பாம்புக்கடிக்கு ஆளானோரின் உயிரைக் காக்கிறது.

இச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை 2017இல் அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலம் அழைத்துக் கொண்டது. அயல்நாட்டிலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகள் அங்கே உள்நாட்டு விலங்குகளை அழித்து வந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் நடத்தப்பட்ட மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் முயன்று பிடித்தவை 106. நம் இருவரோ, வந்த சில நாட்களுக்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளம். மண்ணில் பதிந்த தடத்தையும் மடங்கிய புல்லையும் வாசிக்கத் தெரிந்த கண்கள் அவை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பல நாட்கள் மெல்ல நடந்து, பல முறை வெறுங்கையோடு திரும்புவதே உண்மையான வேட்டைத் திறன். அரைமணி நேரத்தில் பரபரப்பை ஊட்ட வேண்டிய நிகழ்ச்சிக்கு அந்தப் பொறுமை ஒத்துவருவதில்லை. பொய் நுழையும் வாயில் அதுவே.

திரைக்குப் பின்னால்

1958இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' என்னும் ஆவணப்படம், லெமிங் என்னும் வடதுருவ எலியினம் கூட்டங்கூட்டமாகக் கடலில் குதித்து மாய்வதாகக் காட்டியது. அப்படம் ஆஸ்கார் விருதும் பெற்றது. 1982இல் கனடா நாட்டு ஒலிபரப்புக் கழகம் உண்மையை வெளிக்கொணர்ந்தது. படம் பிடிக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாநிலத்தில் கடலே இல்லை. வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கி வரப்பட்ட எலிகள், சுழலும் மேடையில் ஓடவிடப்பட்டன. பின்னர் ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளப்பட்டன. அவை தற்கொலை செய்து கொள்ளவில்லை, படத்திற்காகக் கொல்லப்பட்டன. ஆயினும் லெமிங் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கட்டுக்கதை இன்றும் உலகெங்கும் உலவுகிறது. பொய் எளிதில் பரவும். அதனைத் திருத்தும் உண்மை காலந்தாழ்ந்தே வரும்.

நம் வீடுகளில் நன்கறியப்பட்ட பேர் கிரில்ஸ் என்பவரின் நிகழ்ச்சியும் இத்தகைய குற்றச்சாட்டிற்கு ஆளாயிற்று. இவரோடுதான் 2020இல் நம் ரஜினிகாந்த் பந்திப்பூர்க் காட்டில் தோன்றினார். கானகத்தில் தனித்து உயிர் தப்புபவராகக் காட்டப்பட்ட இவர், சில இரவுகளை விடுதிகளில் கழித்தார் என்பதும், காட்டுக் குதிரைகள் எனக் காட்டப்பட்டவை வாடகைக்குக் கொண்டுவரப்பட்டவை என்பதும் 2007இல் வெளியாயின. அதன்பின் நிகழ்ச்சி திருத்தப்பட்டு, சில சூழ்நிலைகள் அமைத்துக் காட்டப்பட்டவை என்ற அறிவிப்பும் சேர்க்கப்பட்டது. அறிவிப்புச் சேர்த்தது நன்று. உண்மையைச் சொன்ன பின்னரும் மக்கள் நிகழ்ச்சியைக் காணத் தவறவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அப்படியானால் தொடக்கத்திலேயே மறைக்க வேண்டிய தேவைதான் என்ன?

இங்கு ஒரு நுண்ணிய வேறுபாடும் உண்டு. 2011இல் பி.பி.சி. நிறுவனத்தின் 'புரோசன் பிளானட்' தொடரில் காட்டப்பட்ட பனிக்கரடிக் குட்டிகள், துருவத்துப் பனிக்குகையில் அன்றி ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் படம் பிடிக்கப்பட்டவை எனத் தெரியவந்தது. குகைக்குள் கருவியை நுழைத்தால் தாய்க்கரடி மிரண்டு குட்டிகளைக் கொன்றுவிடக் கூடும் என்பது அவர்கள் கூறிய காரணம். காரணம் நியாயமானதே. இடத்தை மாற்றியதில் பிழையில்லை. காட்சி ஓடும்போதே அதனைச் சொல்லாது விட்டதுதான் பிழை. விலங்கின் நலங்கருதிச் செய்யப்படும் ஏற்பாடு ஒன்று. பார்வையாளரின் நம்பிக்கையை விலைபேசும் ஏற்பாடு வேறொன்று.

ஈசாக்கின் உணவு

வேட்டையில் பொய் கலந்த கதை நமக்குப் புதிதன்று. தொடக்க நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கண்பார்வை மங்கிய ஈசாக்கு, வேட்டையாடிச் சமைத்துக் கொண்டுவரும்படி மூத்த மகன் ஏசாவை அனுப்புகிறார். அவன் காட்டில் அலைந்துகொண்டிருக்கும்போதே, ரெபேக்கா வீட்டு மந்தையிலிருந்த ஆட்டுக்குட்டிகளைச் சமைத்து யாக்கோபின் கையில் கொடுத்தனுப்புகிறார். இத்துணை விரைவில் வேட்டை எவ்வாறு கிடைத்தது என்று முதியவர் வியந்து கேட்கிறார். யாக்கோபு ஆண்டவரின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறான். வீட்டு ஆடு வேட்டை இறைச்சியாயிற்று. ஆட்டுத்தோல் போர்த்திய கை ஏசாவின் கையாயிற்று.

இதன் விளைவு உணவோடு முடியவில்லை. அண்ணன் கதறினான், தம்பி நாட்டை விட்டு ஓடினான். பல்லாண்டுகளுக்குப் பின், ஆட்டுக்கிடாயின் இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டி அவனுடைய புதல்வர்களே அவனை ஏமாற்றினர். நம்பியவரை ஏமாற்றும் பழக்கம் ஒரு குடும்பத்திற்குள் நுழைந்தால் தலைமுறை தாண்டியும் தொடரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வள்ளுவரும் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தில், தவவேடத்தில் மறைந்து தீமை செய்பவனுக்கு, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனையே உவமையாக்கினார். வேடன் ஏமாற்றுவது பறவையை. சின்னத்திரை வேடனோ பறவையையும் ஏமாற்றுகிறான், பார்ப்பவரையும் ஏமாற்றுகிறான்.

படத்திற்காக ஓர் உயிர்

சரி, எதனையும் மறைக்காது காட்டிவிட்டால் போதுமா? போதாது. 2017இல் பல்கேரிய நாட்டின் ரிலா தேசியப் பூங்காவில் மேற்சொன்ன கிரில்ஸ் நிகழ்ச்சிக்காகத் தவளை ஒன்று கொன்று சமைக்கப்பட்டது. உடன் உணவும் உதவியும் உள்ள குழுவினருக்கு அந்தத் தவளை தேவையான உணவன்று, தேவையான காட்சி. அந்நாட்டு அதிகாரிகள் பின்னர் அபராதம் விதித்தனர். 'ஒரு தவளைக்கு இவ்வளவா?' எனச் சிலர் நகைத்திருக்கலாம். தவளை சிறிது என்பது உண்மையே. ஆயினும், பசியில்லாத இடத்தில் பசியை நடித்து ஓர் உயிரை மெய்யாகவே போக்குவது சிறிதன்று. நடிகர்களுள் தவளை மட்டுமே மெய்யாக இறந்தது.

நம் நாட்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) இதனை நன்கு உணர்ந்துள்ளது. வேட்டை என்பதற்கு அது தரும் பொருள் விரிவானது. கொல்வது மட்டுமன்று, பிடிப்பதும், கண்ணி வைப்பதும், இரைகாட்டி ஈர்ப்பதும், விரட்டுவதும், பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் வேட்டையே. 'பிடித்துக் காட்டிவிட்டு விட்டுவிட்டோம், கொல்லவில்லையே' என்பது அச்சட்டத்தின் முன் விடையாகாது.

நம் வாசலில்

இவை எங்கோ நடப்பவை என்று எண்ணாதீர்கள். மரக்காணத்தை ஒட்டி, எடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடலோடு உறவாடும் கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. மழைக்காலம் தொடங்கி உப்பளங்களில் தொழில் ஓயும்போது, அங்கே பறவைகளின் பருவம் தொடங்குகிறது. பூநாரை, கூழைக்கடா, உள்ளான் எனப் பல இனங்கள் வந்து இறங்குகின்றன. சில இமயத்திற்கு அப்பாலிருந்து வருபவை. 2021 டிசம்பரில் தமிழக அரசு அங்குள்ள 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஆண்டுதோறும் அதே வேளையில் நம் இளைஞருக்கும் ஓய்வு கிடைக்கிறது. கையில் கைப்பேசியும் இருக்கிறது. முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த ஆற்றல் இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ளது. அதோடு அதன் சோதனையும் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவில் மயில்கறி சமைப்பதாகக் காணொளி வெளியிட்ட ஒருவர் மீது வழக்குப் பதிவாயிற்று. பசிக்காகப் பறவை பிடித்தவன் ஒன்றோடு நிறுத்துவான், வயிறு நிரம்பிவிடும். பார்வையாளரின் எண்ணிக்கைக்காகப் பிடிப்பவனுக்கோ நிறைவென்பதே இல்லை. நேற்றைய காட்சியைவிட இன்றைய காட்சி கொடியதாக இருந்தாக வேண்டும்.

நம் மக்களால் இயலாதது எதுவுமில்லை என்பதற்கு அண்டை மாவட்டமான செங்கற்பட்டிலுள்ள வேடந்தாங்கல் சான்று. படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூர் உழவர் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்திருந்த அம்மக்கள், எந்தத் திரையும் சொல்லித்தராமலேயே காவலர் ஆனார்கள்.

பெற்றோரே, கேளுங்கள்

தொலைக்காட்சியை உடைத்தெறியுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். பார்க்கும்போது மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குங்கள். இந்த விலங்கு இங்கே தானாக வந்ததா, கொண்டுவந்து வைக்கப்பட்டதா? இதனை எடுத்தவர்கள் அதனை நமக்குச் சொன்னார்களா? படக்கருவி இல்லாதிருந்தால் இவ்வுயிர் இறந்திருக்குமா?

மூன்றாம் வினாவிற்கு 'இறந்திருக்காது' என்பதே விடையானால், அந்த மரணத்தில் நமக்கும் பங்குண்டு. ஏனெனில் நாம் பார்ப்போம் என்ற நம்பிக்கையிலேயே அது நிகழ்த்தப்பட்டது. அத்தகைய காட்சியை நம் வீட்டில் அணைத்துவிடுவோம், பிறருக்கு அனுப்பாதிருப்போம். ஈசாக்கிற்குக் கண் மங்கியிருந்தது. ஆயினும் குரல் வேறாக இருக்கிறதே என்று ஐயுற்றுக் கேட்கும் அளவிற்கு அவர் விழிப்பாயிருந்தார். நமக்கோ கண்கள் நன்றாகவே தெரிகின்றன. கட்டி வைத்த மானைக் கண்டு கானக மான் ஏமாறலாம். அதற்குக் கேட்கத் தெரியாது. நம் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியும். அவர்களுடைய வினாக்களை அடக்காமல் வளர்ப்பதே இம்மழைக்காலத்தில் கழுவெளிக்கு வரவிருக்கும் பறவைகளுக்கு நம் இல்லங்கள் அளிக்கக்கூடிய காவல்.