அடைக்கோழி தரும் அரிப்பு

அடைக்கு வைத்த கோழி 21 நாள் கழிந்து குஞ்சுகளோடு இறங்கிவிடும். அதற்கு இரண்டொரு நாளில் வீட்டில் உள்ளவர்களுக்கு அரிப்பு எடுக்கத் தொடங்கும். இரவில் படுத்தால் கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் சுருக்கென்று கடிக்கும். காலையில் பார்த்தால் சிறு சிறு தடிப்புகள் சிவந்திருக்கும். கொசு என்று வேப்பிலைப் புகை போடுவோம். மூட்டைப்பூச்சி என்று கட்டிலை வெயிலில் போடுவோம். அரிப்பு நிற்காது. கடிப்பது கோழிச் செள். சில ஊர்களில் இதைச் செல்லு என்பார்கள்.

செள் உண்ணிக்கு உறவான மிகச் சிறிய உயிர். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்த பின் சிவப்பாகவும் தெரியும். இதில் ஒரு வகை பகல் முழுவதும் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் கோழிமேல் ஏறும். இன்னொரு வகை கோழியின் உடலிலும் அடைக்கூடையிலும் தங்கும். வெப்பக் காலத்தில் முட்டையிலிருந்து பெரிய செள்ளாக ஏழு முதல் பத்து நாள் போதும். அடைகாக்கும் 21 நாளில் எவ்வளவு பெருகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோழி இறங்கியதும் கூடையில் இரை இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் நம்மையும், நாயையும், பூனையையும் தேடி அது வருகிறது.

ஆகவே உடம்புக்கு மட்டும் மருந்து தேடிப் பயனில்லை. செள் குடியிருப்பது கூடையிலும் கூண்டிலும்தான்.

சந்தேகம் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் கூண்டைப் பாருங்கள். கோழி அடையும் கம்பின் அடிப்பக்கத்தில் சாம்பல் தூவியதுபோல் ஒட்டி, மெல்ல நகரும். வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கினால் இரத்தக் கறை படியும். கொண்டை வெளுத்த கோழி, அந்தி சாய்ந்தும் கூண்டில் ஏற மறுக்கும் கோழி, பாதியில் அடையை விட்டு எழும் கோழி ஆகியவற்றையும் கவனியுங்கள். குஞ்சுகள் இரத்தம் குறைந்து இறந்தும் போகும்.

அடைக்கூடையின் வைக்கோலை வீட்டுக்கு எட்ட எடுத்துச் சென்று கொளுத்திவிட வேண்டும். குப்பைக்குழியில் வீசினால் செள் திரும்பி வரும். கூண்டைக் காலி செய்து எச்சத்தைச் சுரண்டி, இடுக்குகளிலும் கம்புகளின் முனைகளிலும் கொதிநீர் ஊற்றுங்கள். காய்ந்த பின் சுண்ணாம்பை அடையக் குழைத்துப் பூசுங்கள். மரக்கூண்டானால் ஒரு லிட்டர் நீரில் 30 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து தெளிப்பது ஓரளவு உதவும். ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். தப்பிய முட்டைகள் பொரிக்கும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று வாரம் செய்ய வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

கோழிகள் புரளச் சாம்பல் கலந்த உலர் மணல் வைக்கலாம். மேலே போடும் மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கூண்டிலோ, நாய்மீதோ, பிள்ளைகளின் தலையிலோ போடவே கூடாது. முன்பு வீட்டுக்கு வீடு இருந்த பி.எச்.சி. தூள் 1997இல் தடை செய்யப்பட்டது. பழைய டப்பா பரணில் கிடந்தால் அதைத் தொடவேண்டாம். நாய்க்கென்று வாங்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு என்பதும் பலருக்குத் தெரியாது.

கோழிச் செள் மனித உடம்பில் தங்கிப் பெருகாது. குளித்து, துணிகளையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து, கூண்டையும் சுத்தம் செய்தால் சில நாளில் அரிப்பு தணியும். தணியாமல் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் புண்ணாகி, வீட்டில் ஒவ்வொருவருக்காகப் பரவினால் அது சிரங்கு. அதை உண்டாக்குவது வேறொரு வகைச் செள். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து பெற்று, அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும்.

நாய்க்குக் காது ஓரமும் முழங்கையும் முடி உதிர்ந்து பொருக்குக் கட்டினால் அது சொறி. அந்த நாயோடு பழகுவோருக்கும் சில நாள் அரிக்கும். கழிவு ஆயிலைப் பூசும் வழக்கத்தை விடுங்கள். நாய் அதை நக்கி நோய்ப்படும். மருத்துவரிடம் காட்டினால் குணமாகும்.

அடுத்த அடைக்குப் புதுக் கூடையோ, கொதிநீர் ஊற்றிக் காயவைத்த கூடையோ எடுத்து, புது வைக்கோல் பரப்புங்கள். கட்டிலடியிலும் அடுக்களை மூலையிலும் வைக்காமல், மழை படாத திண்ணையோரத்தில் வையுங்கள். குஞ்சு இறங்கிய அன்றே வைக்கோலைக் கொளுத்திவிடுங்கள்.