தையல் ஆறும் வரை

தசைவரை புற்று பரவிய சிறுநீர்ப்பையை அகற்றிய பின் சிறுநீர் எவ்வழியே வெளியேறும்? 1950-இல் யூஜீன் பிரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கிய முறை இது: சிறுகுடலில் ஒரு துண்டைப் பிரித்து, இரு சிறுநீர்க்குழாய்களையும் அதில் தைத்து, அதன் ஒரு முனையை வயிற்றின் வெளிப்புறம் திறந்துவிடுவர்.

அத்தையல்களின் ஊடே செலுத்தப்படும் மெல்லிய குழாயே ‘ஸ்டென்ட்’. தையலிடம் வீங்கினாலும் சிறுநீர் தடையின்றி ஓட அது துணைசெய்யும். மிக விரைவில் உருவினால் சிறுநீர் கசியலாம், அடைப்பும் நேரலாம். நெடுநாள் விட்டுவைத்தாலோ கிருமிகள் அதன்மேல் படிந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ஆகவே 1 முதல் 2 வாரங்களில் எடுப்பதே பெரும்பாலோர் வழக்கம். நோயாளியின் நிலைகண்டு மருத்துவர் நாள் குறிப்பர்.

அந்நாளை உற்றார் முன்பே கேட்டறிதல் வேண்டும். இடையில் காய்ச்சலோ சிறுநீர்க் குறைவோ கண்டால், சற்றும் தாமதியாது மருத்துவரிடம் சொல்லுக.