ஒரு தீப்பொறியின் நேரம்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓல் எவின்ரூட், 1909ஆம் ஆண்டு படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் வந்த இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில், சுழலும் சக்கரத்திலுள்ள காந்தமே மின்சாரம் உண்டாக உதவியது. சக்கரத்தின் அடியிலுள்ள இரண்டு தொடுமுனைகள் பிரியும் கணத்தில் தீப்பொறி தோன்றி எரிபொருளைப் பற்றவைக்கும். அது மிக முன்னதாகத் தோன்றினால், சக்கரம் பின்னோக்கி உதைத்து, இயக்குபவரின் கையைக் காயப்படுத்தலாம். தாமதமானால், இயந்திரத்தின் வலிமை குறையும்.

நெடுங்காலம் பயன்படுத்தாத இயந்திரத்தின் தொடுமுனைகளில் களிம்பு படிந்துவிடும், தீப்பொறி எழாது. பழுதுபார்ப்பவர் முதலில் சக்கரத்தைக் கழற்றி, முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்வார். அடுத்து, அவற்றின் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்வார். பல இயந்திரங்களில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். தீப்பொறியின் நேரத்தை மாற்றும் நெம்புகோல் தளர்ந்திருந்தால் அதையும் இறுக்குவார். இவை சரியாக அமைந்தால்தான் படகு நடுநீரில் நின்றுவிடாமல் கரை சேரும்.