தைப்பட்டத்துக்கு வீட்டிலேயே நாற்று: விதையைவிடத் தண்ணீரில் கவனம் வையுங்கள்

பொங்கல் முடிந்த கையோடு கத்தரி, மிளகாய், தக்காளி விதை வாங்கிக் கிணற்றடியில் நாற்று விடுகிறீர்களா? பத்தாம் நாள் பச்சைப் பசேலென்று நின்ற நாற்று பதினைந்தாம் நாள் தரையோடு சாய்ந்து கிடந்தால், பெரும்பாலோர் சொல்வது "கடைக்காரர் கொடுத்த விதை சரியில்லை" என்பதுதான். உண்மையில் முளைத்து வந்த பிறகு செத்த நாற்றுக்கு விதை காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் நாம் ஊற்றிய தண்ணீரே காரணம்.

இதில் போவது விதைக் காசு மட்டுமல்ல. தை முதல் வாரத்தில் விதைத்த தக்காளியை 25 நாளில், அதாவது மாசி பிறக்கும்போது நடலாம். அது பங்குனித் தொடக்கத்தில் பூவெடுத்து, வெயில் ஏறுவதற்குள் காய் பிடித்துவிடும். நாற்று செத்து மறுபடி விதைத்தால் 20 நாள் பின்னால் போகும். அப்போது பூவெடுக்கும் காலம் பங்குனிக் கடைசிக்கும் சித்திரைக்கும் தள்ளிப்போகும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் பூ உதிரும், காய் பிடிக்காது. தட்டில் தொலைத்த 20 நாளை எந்த உரம் போட்டும் மீட்க முடியாது.

எவ்வளவு நாற்று வேண்டும்?

முதலில் கணக்குப் போடுங்கள். கத்தரியை 60க்கு 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் 5 சென்ட் இடத்துக்குச் சுமார் 560 செடி பிடிக்கும். போக்கிடம் நிரப்பப் பத்து சதவீதம் கூட்டினால் 620. 98 குழி உள்ள குழித்தட்டு 7 இருந்தால் போதும். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் ஒரே தட்டில் கத்தரி, மிளகாய், தக்காளி, துளசி எல்லாம் வரிசை வரிசையாக விட்டுவிடலாம்.

குழித்தட்டு இல்லாவிட்டால் தேங்காய்ச் சிரட்டை, பால் கவர், பழைய பிளாஸ்டிக் டப்பா எதுவும் ஆகும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத பாத்திரத்தில் விட்ட நாற்று ஒருநாள் அழுகத்தான் செய்யும். போன பட்டத்தில் பயன்படுத்திய தட்டானால் நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுங்கள். ஒட்டியிருக்கும் பழைய மண்ணில் நோய்ப் பூஞ்சாணம் இருக்கும்.

எதில் விதைப்பது?

மட்கிய தென்னைநார்க் கழிவு நல்லது. மட்காத பச்சை நார்க்கழிவில் உப்பும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அதிகம். அதில் வேர் கருகும். அது கிடைக்காவிட்டால் செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்து சலித்துக்கொள்ளுங்கள். இந்தக் கலவையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி தூளைக் கலந்து, லேசாக நீர் தெளித்து, சில நாள் நிழலில் மூடி வைத்தால் நாற்றழுகலுக்கு அதுவே முதல் காவல்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். சொட்டாமல் உருண்டையாக நின்றால் சரி. உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம்.

விதையைச் சோதித்து விதையுங்கள்

வீட்டு விதையானால் 20 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். கத்தரி, தக்காளியில் 14 விதையாவது முளைக்க வேண்டும், மிளகாயில் 12 முளைத்தால் போதும். இதற்குக் குறைந்தால் குழிக்கு இரண்டு விதை போட்டு, பிறகு ஒன்றைக் கிள்ளிவிடுங்கள்.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது அளவு. நம் கையில் இருப்பது 10 கிராம் விதைதான் என்றால் ஒரு சிட்டிகை போதும். ஆறிய வடிகஞ்சி சில சொட்டு விட்டுப் பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். கடையில் வாங்கிய விதையில் சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியிருந்தால் ஏற்கெனவே மருந்து ஏற்றியது என்று பொருள். அதற்கு மறுபடி நேர்த்தி வேண்டாம். தொட்ட கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம். மேலே மெல்லிதாகக் கலவை தூவி, பூவாளியால் ஒருமுறை நனைத்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுங்கள். தை மாத இரவுக் குளிரில் முளைப்பு தாமதமாகும். மூடிவைத்தால் உள்ளே வெதுவெதுப்பு நிற்கும், ஈரமும் போகாது. முளைக்கும் வரை மறுபடி தண்ணீர் தேவையில்லை. சுற்றிலும் சாம்பல் தூவிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு விதையைத் தூக்கிப்போய்விடும்.

தக்காளி 5 முதல் 7 நாளில் முளைக்கும். கத்தரிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மிளகாய் 10, 12 நாள்கூட எடுக்கும். நான்காம் நாளிலிருந்து காலையில் தாளைத் தூக்கிப் பாருங்கள். முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருநாள் விட்டால்கூட நாற்று வெளுத்து நெட்டையாகிவிடும். வேப்பமரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வைத்தாலும் இதே கதிதான். காலை வெயில் நேராக விழும் இடமும், உச்சி வெயிலுக்கு ஒரு நிழல்வலையும் இருந்தால் தண்டு தடித்து வரும்.

தண்ணீர்தான் தலையாய வேலை

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். இந்தப் பட்டத்தில் இரவெல்லாம் பனி இறங்குகிறது. நாமும் மாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் விடியும் வரை மண்ணும் தண்டும் ஈரத்திலேயே நிற்கும். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சாணத்துக்கு இது போதும். அதன் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே பக்கத்து நாற்றுக்குப் போகும். அதனால்தான் நாற்று ஒவ்வொன்றாகச் சாகாமல் திட்டுத் திட்டாகச் சாய்கிறது. சாய்ந்த நாற்றின் கழுத்தைப் பாருங்கள், வெந்ததுபோல் நீர்கோத்து, நூலாகச் சுருங்கியிருக்கும்.

ஆகவே:

தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள். மாலையில் மேல்மண் உலர்ந்திருக்க வேண்டும்.

தினமும் ஊற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. விரலை வைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். தட்டைத் தூக்கிப் பார்த்தாலே கனத்தில் தெரிந்துவிடும்.

வாளியாலோ குழாயாலோ விடாதீர்கள். பூவாளி அல்லது கைத்தெளிப்பான்தான்.

தட்டைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள். அடியில் நீர் வடிய வேண்டும், காற்றும் போக வேண்டும்.

வாடல் தெரிந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். சாய்ந்த நாற்றை மண்ணோடு எடுத்துத் தூரப் போடுங்கள். மீதிக்கு ஒரு லிட்டர் நீரில் காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். இதோடு சூடோமோனாஸையோ டிரைக்கோடெர்மாவையோ சேர்க்கக்கூடாது, மருந்து அந்த நுண்ணுயிரிகளையும் அழித்துவிடும்.

வெள்ளை ஈ இங்கேயே வருகிறது

நட்டபின் தெரியும் இலைச்சுருட்டை நச்சுயிரி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் பல நேரம் நாற்றிலேயே ஏறிவிடுகிறது. அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. முளைத்த நாளிலிருந்து நடவு வரை பூச்சி புகாத நெருக்கமான நைலான் வலையால் நான்கு பக்கமும் மூடிவையுங்கள். பழைய தக்காளி, மிளகாய்ச் செடி நிற்கும் இடத்துக்கு அருகில் நாற்றங்கால் வேண்டாம்.

மூலிகைக்கு என்ன செய்வது?

துளசி விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து மேலாகத் தூவி, மண் லேசாக மூடினால் போதும். ஆழம் போனால் வராது. தூதுவளை கத்தரிக் குடும்பத்துச் செடி. பழுத்த பழத்தின் விதையைக் கழுவி உலர்த்தி, கத்தரியைப் போலவே விடலாம். தண்டு நட்டாலும் பிடிக்கும். கற்பூரவல்லிக்கு விதை தேட வேண்டாம். ஒரு சாண் தண்டை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளி நட்டால் இரண்டு வாரத்தில் வேர் விடும். சதைப்பற்றான தண்டு என்பதால் இதற்கும் தண்ணீர் குறைவாகவே வேண்டும். நால்வரில் ஈரம் கேட்பது புதினா மட்டும்தான். கணுவோடு கூடிய தண்டைப் படுக்கவைத்து மண் மூடினால் தழைத்துவிடும்.

கொத்தமல்லிக்கு நாற்று வேண்டாம். விதையை இரண்டாக உடைத்து நேராகப் பாத்தியில் விதையுங்கள். வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் தையிலேயே போடுங்கள். பாகல், புடலை, சுரை வேரைத் தொந்தரவு செய்தால் தாங்காது. பையில் விதைத்து, இரண்டு மூன்று இலை வந்ததும் மண் உடையாமல் நடுங்கள்.

நடவுக்கு முன் ஒரு வாரம்

விதைத்த 18ஆம் நாள் லிட்டருக்கு 5 கிராம் வீதம் 19:19:19 உரம் கரைத்து ஒருமுறை ஊற்றலாம். நடவுக்கு ஒரு வாரம் இருக்கையில் தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையைச் சிறிது சிறிதாக விலக்கி, முழு வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலிலிருந்து நேராக வயலுக்குப் போன நாற்று முதல் நாளே துவண்டுவிடும்.

தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள் வாக்கில் நடலாம். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். பத்து சதவீத நாற்றைத் தட்டிலேயே வைத்திருங்கள். ஒரு வாரத்துக்குள் போக்கிடம் நிரப்பினால்தான் செடிகள் ஒன்றுபோல் வளரும்.

விதைத்த தேதியை ஒவ்வொரு தட்டிலும் எழுதி வையுங்கள். பிறகு ஒரு மாதத்துக்குக் காலையில் பூவாளியை எடுக்கும் முன் மண்ணில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் பூவாளியை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.